பாலாடையில் ஐம்பத்தெட்டு விநாடி

மலையடிவாரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பிரசவ மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் இருக்கும் அறைக்கு மதர் அமலோற்பவம் பொறுப்பு. அவரிடம் வேலை கற்றவள் நர்ஸ் ரோஸ்லின்.

மதர் அதிகம் பேசமாட்டார். செய்து காட்டுவார். தாய்மார்கள் எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்துவிடும்.

"பாவம் மதர், இருக்கிற பயத்துல அவங்களுக்கு எதுவும் மண்டையில ஏறாது. போன்ல இருந்தா திரும்பத் திரும்பப் பார்ப்பாங்க," என்றாள் ரோஸ்லின்.

மதர் சரி என்றார்.

ரோஸ்லின் சின்னச் சின்ன வீடியோக்களாக எடுத்துப் போட்டாள். குளிப்பாட்டுவது எப்படி, தெர்மாமீட்டர் பார்ப்பது எப்படி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கலப்பது எப்படி. எதுவும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

அவற்றில் ஒன்று பாலாடை. உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். மதர் ஒரு குழந்தைக்குப் புகட்டியதைப் பதினெட்டு நிமிடம் படம் பிடித்து, ஐம்பத்தெட்டு விநாடிக்கு வெட்டினாள். கை மதருடையது. குரல் ரோஸ்லினுடையது. முகம் யாருடையதும் இல்லை.

இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

"உங்க கைக்கு என்னா மவுசு பாருங்க மதர்!"

"மூஞ்சியைக் காட்டியிருந்தா இருபது பேர் பார்த்திருப்பாங்க," என்றார் மதர்.

ஒரு வியாழக்கிழமை காலை அம்சவேணி என்ற இளம் தாய் ஓடி வந்தாள். கையில் துண்டில் சுற்றிய பெண்குழந்தை. வேறு ஊரில் பிறந்து பதினாறு நாளாகிறது. ஒன்றே முக்கால் கிலோ. உதடு நீலம் பூத்திருந்தது.

பால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். குழந்தையை உள்ளே கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள்.

அம்சவேணி வெளியே நின்ற நர்ஸிடம் போனை நீட்டினாள். "நான் தப்பாக் குடுக்கல சிஸ்டர். இதைப் பக்கத்துல சாத்தி வெச்சிக்கிட்டுதான் குடுத்தேன். இந்தம்மா சாய்க்கும்போது நானும் சாய்ச்சேன். இவங்க சொன்னபடிதான் செஞ்சேன். பாருங்க, நீங்களே பாருங்க."

அந்த நர்ஸ் ரோஸ்லின். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நின்றாள்.  வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

குழந்தையோடு அம்சவேணியும் அங்கேயே தங்கினாள்; அதற்குப் பிறகு நாலு நாள், அவள் கட்டில் பக்கம் வரும்போதெல்லாம் ரோஸ்லின் வாய் திறக்கவே இல்லை. மாத்திரையை நீட்டுவாள். தலையசைப்பாள். போய்விடுவாள்.

அம்சவேணியின் மாமியார் பேசினாள். "கை விளங்காதவ. ஒரு சங்குப் பாலைப் புகட்டத் துப்பில்ல. குழந்தை பொழச்சு வந்தா மூத்த மருமககிட்ட குடுத்துடலாம், அவ வளர்த்துக்குவா. அவகிட்ட மூணு வளர்ந்திருக்கு."

அம்சவேணி இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். குழந்தையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னபோதுகூட, "வேண்டாம் சார், என் கை வேண்டாம்," என்றாள்.

ஐந்தாம் நாள் ரோஸ்லின் மதரின் மேசைக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"சத்தியமா நான் முக்கியமான எதையும் வெட்டல மதர். சும்மா இருந்த இடத்தைத்தான் வெட்டினேன். நான் செஞ்ச தப்பு என்ன?"

"உட்காரு," என்றார் மதர்.

உட்கார்ந்தாள்.

"வீடியோவைப் போட்டு மேசை மேல வை. கையைக் கட்டிக்கோ. அண்ணாந்து வாயைத் திற."

மதர் டம்ளரில் தண்ணீர் எடுத்தார். வீடியோவில் கை சாய்ந்தபோது அவரும் சாய்த்தார். ரோஸ்லின் விழுங்கினாள். மறுபடி கை சாய்ந்தது. மதர் ஊற்றினார். பாதி விழுங்குவதற்குள் மூன்றாவது. மூக்கில் ஏறிவிட்டது. ரோஸ்லின் துள்ளி எழுந்து மதரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருமினாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது.

"நீ என் கையைப் பிடிச்சு நிறுத்திட்ட," என்றார் மதர்.

ரோஸ்லின் பிடியை விடவில்லை.

இருமல் அடங்கியதும் மதர் கேட்டார். "முழுசா எடுத்தது இருக்கா?"

இருந்தது. இருவரும் பதினெட்டு நிமிடமும் பார்த்தார்கள். கை சாய்கிறது. நிமிர்கிறது. அப்படியே நிற்கிறது. குழந்தையின் தொண்டையில் சின்னதாக ஓர் அசைவு. அதற்குப் பிறகுதான் கை மறுபடி சாய்கிறது. ஓரிடத்தில் குழந்தை வாயில் பாலை வைத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டது. மதரின் சுண்டுவிரல் அதன் உள்ளங்காலை மெல்லச் சுரண்டியது. அது விழுங்கும்வரை கிண்ணம் கிட்டவே வரவில்லை. முக்கால் நிமிடம் ஆகியிருக்கும்.

"இங்க நான் என்ன பண்றேன்?"

"சும்மா..." என்று தொடங்கி ரோஸ்லின் நிறுத்திக்கொண்டாள். "தொண்டையைப் பார்க்கறீங்க மதர்."

மதர் போனை மேசையில் வைத்தார்.

"போடுறதுக்கு முன்னாடி என்கிட்டதான் காட்டின. என் கை எவ்வளவு நல்லா விழுந்திருக்குன்னு பார்த்தேன். வேற எதையும் நான் பார்க்கல."

ரோஸ்லின் போனில் இன்னொன்றைத் தேடி எடுத்து நீட்டினாள். நாலு மாதத்துக்கு முன்பு வீடியோவின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். 'அக்கா பாப்பாவுக்கு அடிக்கடி புரை ஏறுது. வேகமா குடுக்கறேனா?'

அதன் கீழே ரோஸ்லினின் பதில். ஒரு கும்பிடு. ஒரு சிவப்பு இதயம்.

"அன்னிக்கு வந்த எல்லாத்துக்கும் அதையே போட்டேன் மதர். படிக்கல. இந்த நாலு நாள்ல மூணு தடவை எழுதிட்டேன். பாப்பா எப்படி இருக்குன்னு. பதில் வரல."

"பேரு இருக்கா?"

"ஒரு ரோஜாப்பூ படம்தான் இருக்கு."

மதர் அந்த ரோஜாப்பூவையே பார்த்தார்.

"வீடியோவை அழிச்சுடவா?"

"அழிச்சுடு. இப்பவே."

அழித்தாள். "இது போதுமா மதர்?"

மதர் எழுந்து அம்சவேணி இருந்த கட்டிலை நோக்கி நடந்தார். ரோஸ்லின் பின்னால் போனாள்.

"ஏம்மா, ஒரு விஷயம்..." என்று ரோஸ்லின் ஆரம்பித்தாள். அதற்குள்ளேயே அம்சவேணி நிமிர்ந்து பார்த்தாள். குரல் புரிந்துவிட்டது.

"அந்த வீடியோவுல பேசினது நான்தான். ஒரு மடக்கு குடுத்தா நிறுத்தணும். பாப்பா விழுங்கினதைப் பார்த்துட்டுதான் அடுத்த மடக்கு. அதை வெட்டி எறிஞ்சது நான். நீ பார்த்தபடிதான் செஞ்ச. உன் கை மேல ஒரு தப்பும் இல்ல."

"அதுல இருக்கிற கை என்னுது," என்றார் மதர்.

மாமியார் எதையோ சொல்ல வந்து, மதரின் முகத்தைப் பார்த்து அடங்கிக்கொண்டாள்.

அம்சவேணி மெதுவாகக் கேட்டாள். "நாலு நாளா என் பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

"எங்க அத்தை என்னைக் கை விளங்காதவன்னு சொன்னப்பவும் நின்னீங்க."

"ஆமா."

"உங்களை ஊமைன்னு நினைச்சேன் சிஸ்டர். பாவம், இவங்களுக்கு என்ன கஷ்டமோன்னு வேற நினைச்சேன்."

ரோஸ்லின் மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். அந்த வார்த்தை வரவில்லை. அம்சவேணியும் அதற்காகக் காத்திருக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். கண்ணீரைத் துடைக்க, ஐந்து நாளில் முதல்முறையாக, முந்தானைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தாள்.

ஏழாம் நாள் ஆக்சிஜனை எடுத்துவிட்டு, பால் கொடுக்கலாம் என்றார் டாக்டர். மாமியார் கையை நீட்டினாள்.

"நான் குடுக்கறேன் அத்தை," என்றாள் அம்சவேணி.

மதர் பக்கத்தில் உட்கார்ந்தார். ரோஸ்லினைக் கிட்டே வரவேண்டாம் என்று அம்சவேணி சொல்லியிருந்தாள். ரோஸ்லின் கதவோரம் நின்றாள்.

கிண்ணம் சாய்ந்தது. நிமிர்ந்தது. அம்சவேணி குனிந்து குழந்தையின் தொண்டையையே பார்த்தாள். அறையில் எல்லோரும் அதையே பார்த்தார்கள். அசைவு இல்லை. இன்னும் இல்லை.

"என்னடி இவ்வளவு நேரம்? பசியில கிடக்குது, சட்டுனு குடுத்து முடி," என்றாள் மாமியார்.

"நீங்க பேசாம இருங்க அத்தை."

தொண்டை அசைந்தது. அம்சவேணி மூச்சு விட்டாள். பிறகு அடுத்த மடக்கு.

குழந்தை குடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மதர் எழுந்து கதவோரம் வந்தார்.

ரோஸ்லின் தணிந்த குரலில் சொன்னாள். "அதை மறுபடி எடுக்கணும் மதர். முன்னாடி பார்த்தவங்க எங்க இருக்காங்களோ, அவங்க கண்ணுல எப்படியாவது படணும். இந்தத் தடவை நடுவுல நிறுத்துற இடத்தை வெட்டமாட்டேன். ஒரு மடக்குக்கும் அடுத்ததுக்கும் எத்தனை விநாடி விடணும்னு ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க. பெருசா எழுதிப் போட்டுடறேன்."

மதர் அறைக்குள் திரும்பிப் பார்த்தார். எட்டுத் தொட்டில்கள் வரிசையாக இருந்தன.

"எந்தக் குழந்தைக்கு?" என்றார்.