கரடி வரைந்த மலையும் குளமும்

அத்திக்காட்டில் ராமாயி, சடையன் என்று ஓர் இருவாச்சிப் பறவைத் தம்பதி வாழ்ந்தது. முட்டையிடும் காலம் வந்ததும், இருவாச்சிகளின் வழக்கப்படி ராமாயி ஒரு மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டாள். சடையன் கொண்டுவரும் பழத்தை அலகை நீட்டி வாங்க ஒரு சின்ன இடுக்கு மட்டுமே இருந்தது. குஞ்சு வளரும்வரை அதுதான் அவளுக்கு வாசல், சன்னல் எல்லாம்.

அந்த இடுக்கு வழியாகப் பார்த்தால் தெரிந்தது ஒரே ஒரு மொட்டைப் பாறை.

பத்தாம் நாள் ராமாயி கத்தினாள். "இந்தப் பாறையையே பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது! வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வரப்போகிறேன்!"

"ஐயோ, வேண்டாம்!" என்று பதறினான் சடையன். மரத்தடியில் ஓர் உடும்பு படுத்திருந்தது. அது 'முட்டை' என்ற சொல்லைக் கேட்டாலே நாக்கை நீட்டும்.

சடையன் நேராகக் கரடி அய்யாவுவிடம் பறந்து போனான். அந்தக் காட்டில் படம் வரையத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"அண்ணே! எங்கள் பொந்துக்கு எதிரே இருக்கும் மொட்டைப் பாறையில் ஒரு மலையும் குளமும் வரைந்து கொடுங்கள். ராமாயி அதைப் பார்த்துக்கொண்டு பொந்துக்குள்ளேயே இருப்பாள்!"

"இவ்வளவுதானா? நாளைக்கே முடித்துவிடுகிறேன்!" என்றார் அய்யாவு.

மறுநாள் செம்மண்ணைக் குழைத்தார். கரியை அரைத்தார். அவுரி இலையில் நீலச் சாறு எடுத்தார். முன்னங்கால்களைச் சாயத்தில் முக்கி முக்கி, மலை, ஓடை, குளம் என்று சாயங்காலத்துக்குள் வரைந்து முடித்துவிட்டார். பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னவோ சரியில்லையே! என்னவென்றுதான் தெரியவில்லை!"

அடுத்த நாள் காலையில் அந்த வழியாகக் குரங்கு ஒன்று வந்தது. "கரடியாரே, மலை கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது! உயரமாக்குங்கள்!"

அய்யாவு மலையை உயரமாக்கினார். அது பாறையைத் தாண்டிப் பக்கத்துப் புளியமரத்தின் மேல் ஏறியது.

மயில் வந்தது. "காட்சி என்றால் அதில் அழகு வேண்டாமா? என்னை எங்கே காணோம்?"

அய்யாவு ஒரு மயிலைச் சேர்த்தார். அவசரத்தில் அதற்கு ஐந்து கால்கள் விழுந்துவிட்டன.

காட்டுப்பன்றி வந்தது. "குளம் என்கிறீர்கள், சேறு எங்கே? சேறு இல்லாத குளம் ஒரு குளமா?"

அய்யாவு இரண்டு கை நிறையச் சேற்றை அள்ளி அப்பினார். நடுவில் பன்றியையும் வரைந்தார். பன்றி அதைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டது.

ஆனால் அய்யாவுக்கோ அழுகையே வந்தது. பொழுது சாயும்வரை பாறையின் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"திருத்தினால் இன்னும் கெடுகிறது. விட்டுவிட்டுப் போனால் மானம் போகிறது. அழித்துவிடுவதுதான் நல்லது!"

யானையைக் கூப்பிட்டார். யானை குளத்துக்குப் போய்த் துதிக்கை நிறையத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வந்தது.

"யானையாரே, எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள்!"

"ம்ம்ம்?" என்றது யானை. துதிக்கை நிறையத் தண்ணீர் இருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்?

"எல்லாவற்றையும்தான்!"

யானை துதிக்கையைத் தூக்கியது.

"நிறுத்துங்கள்!" என்று பொந்துக்குள்ளிருந்து ஒரு கூச்சல். யானை திடுக்கிட்டுத் தண்ணீர் முழுவதையும் வாயில் விட்டு விழுங்கிவிட்டது.

இடுக்கில் ராமாயியின் அலகு தெரிந்தது. "யாரைக் கேட்டு அழிக்கிறீர்கள்? அது என் படம்!"

"நன்றாக இல்லையே, தங்கச்சி!" என்றார் அய்யாவு.

"முதல்நாள் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. ஓடை மலையிலிருந்து இறங்கி, குளத்துக்குள் விழாமல் ஓரமாக எங்கேயோ போய்விட்டது. குளத்துக்குத் தண்ணீர் எப்படி வரும் என்று எனக்குத் தூக்கமே இல்லை! அப்புறம் பார்த்தால் ஐந்து கால் மயில் ஒன்று என்னையே முறைக்கிறது!"

அய்யாவு திரும்பிப் பார்த்தார். ஆமாம்! ஓடை குளத்தைத் தொடவே இல்லை!

"அதை என்னிடம் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்கள் என்னைக் கேட்டால்தானே! போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டீர்கள்!"

அய்யாவு எதையெதைக் கழுவ வேண்டும் என்று யானைக்குக் காட்டினார். யானை மறுபடியும் தண்ணீர் கொண்டுவந்து, மயிலையும் பன்றியையும் சேற்றையும் புளியமரத்து மலையையும் மட்டும் கழுவியது. பார்த்துக்கொண்டிருந்த நிஜ மயில் கோபித்துக்கொண்டு போய்விட்டது. அய்யாவு கையை அவுரிச் சாற்றில் முக்கி ஒரே ஓர் இழுப்பு இழுத்தார். ஓடை குளத்தில் வந்து விழுந்தது.

"அப்பாடா!" என்றாள் ராமாயி. அன்றிலிருந்து வெளியே வருகிறேன் என்ற பேச்சே இல்லை. காத்துக் காத்து அலுத்துப்போன உடும்பு வேறு மரத்தடிக்குப் போய்விட்டது. முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் வளர்ந்தபின் ராமாயி வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அய்யாவு ஓடிவந்தார். "தங்கச்சி, கிட்டே வந்து பாருங்கள்! படம் எப்படி இருக்கிறது?"

"இனிமேல் எனக்குப் படம் எதற்கு, அண்ணே? நிஜ மலையே இருக்கிறதே!" என்று சொல்லிவிட்டு ராமாயி பறந்தாள்.

அய்யாவு தலையைச் சொறிந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே, தின்பதற்குக் கறையான் புற்றைத் தேடிப் போனார்.

நாம் செய்த வேலை நமக்கே பிடிக்காமல் போனால், கண்டவர் சொல்வதையெல்லாம் கேட்டு அதைக் கெடுக்காமலும் கோபத்தில் அழிக்காமலும், அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவரைக் கேட்டு, குறை இருக்கும் இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டும்.