நொச்சிக்கு ஒரு கருவி

குருவுக்குச் சீடரின் வயதில் பாதிதான். குரு அமலோற்பவம். சீடர் கோதண்டம், தபால் ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டு, வீட்டில் கை காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் புரோகிராம் எழுதக் கற்க வந்தவர். மீன்பிடிப் படகுகளுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்புகிற சின்ன அலுவலகம் அது.

அங்கே எல்லாமே நொச்சி என்கிற கணினி மொழியில் எழுதியிருந்தது. அந்த மொழி தெரிந்தவர்களை உலகம் முழுக்க வலைபோட்டுத் தேடினாலும் ஒரு ஷேர் ஆட்டோ நிறையாது.

ஒருநாள் காலை, வழக்கமாக வெறும் வரிகளாக வரும் வானிலைச் சேதி எக்ஸ்எம்எல் என்கிற வடிவத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு சேதிக்கும் முன்னும் பின்னும் கோணக்குறி, அதற்குள் இன்னொரு கோணக்குறி. நொச்சி திருதிருவென்று விழித்தது. எச்சரிக்கை போகவில்லை. மதியம் படகுகள் கிளம்பிவிடும்.

"மேடம், இதைப் பிரிச்சுப் படிக்க எந்தக் கருவி நல்லது?"

"தேடுங்க சார்."

கோதண்டம் தேடினார். முதலில் கிடைத்ததை எழுதியவர் பாதியில் விட்டுவிட்டு வாத்து வளர்க்கப் போயிருந்தார். போகிறேன் என்று எழுதியும் வைத்திருந்தார், நல்ல மனுஷன். இரண்டாவது கருவி, தான் ஓட மூன்றாவது வேண்டும் என்று கேட்டது. மூன்றாவது, வாத்துக்காரருடையதைக் கேட்டது.

கடைசியில் நொச்சிக் கருவிகள் அத்தனைக்கும் ஒரு பட்டியல் அகப்பட்டது. ஆசையாக இறக்கிப் பார்த்தார். பட்டியல் எக்ஸ்எம்எல்லில் இருந்தது.

வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். கோதண்டம் ரோஷக்காரர். பட்டியலைப் பிரிக்கத் தானே ஒரு கருவி எழுத உட்கார்ந்தார்.

அமலோற்பவம் பின்னால் வந்து நின்றார். வானிலைச் சேதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

கோதண்டத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலுக்குப் போகிறவர்கள் உயிர் இங்கே தொங்குகிறது, இந்தப் பெண்ணுக்கு அரட்டை கேட்கிறது!

சோறுகூடச் சாப்பிடாமல் எழுதினார். ஒருவழியாக அது ஓடியது. பட்டியலைப் படிக்கிற கருவி வானிலைச் சேதியையும் படிக்குமே என்பது அப்புறம்தான் உறைத்தது. சேதியைக் கொடுத்தார். திரையில் வந்த காற்றின் வேகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். மணியைப் பார்த்தார். படகுகள் கிளம்பும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

"மேடம்! பேய்க்காத்து மேடம்! எல்லாரும் போயிருப்பாங்களே!" கத்திக்கொண்டே ஓடினார்.

"யாரும் போகலை சார். காலையிலேயே துறைமுகத்துல மைக் பிடிக்கிற சூசை அண்ணன்கிட்ட போன்ல சொல்லிட்டேன். மைக்குல கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. 'நான் கத்துற கத்துல காத்தே பயந்துடும்'னு அப்பவே சிரிக்க வச்சார்."

கோதண்டம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நிம்மதியில் அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"எந்தக் கருவியில படிச்சீங்க?"

"கண்ணாலதான். கோணக்குறிக்கு நடுவுல எழுதியிருக்கே."

"அப்போ காலையிலேர்ந்து நான் பண்ணது வெட்டி வேலையா?"

அமலோற்பவம் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"காத்துக்கு லீவு கிடையாது சார். எனக்கு நாளைக்கு லீவு. உங்க கருவிதான் படிக்கணும்."