முதுகு காட்டிய கோணவாலன்

டேய், முதல்லயே சொல்லிடறேன்! இந்தக் கதையில வர்ற குரங்குக்கும் உங்க மூஞ்சிக்கும் சம்பந்தமே இல்ல. ஜாடை தெரிஞ்சா அது உங்க தலையெழுத்து!

குளத்தங்கரையில ஒரு பெரிய அத்திமரம். அதுல கோணவாலன்னு ஒரு குரங்கு. அவனுக்குத் தொந்தியன்னு ஒரு தம்பி. தம்பி ஆள் குண்டு. மேல்கொப்பு தாங்காதுன்னு கீழ்கொப்புல தூங்குவான். ரெண்டு பேருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். விடிஞ்சதும் ஒருத்தன் முதுகுல ஒருத்தன் பேன் பார்ப்பான்.

அந்த வருஷம், முதல்ல பழுத்த பழம் யாருக்குன்னு மேல்கொப்புக் குரங்குங்களுக்கும் கீழ்கொப்புக் குரங்குங்களுக்கும் சண்டை மூண்டுச்சு. அண்ணன் மேல்படை, தம்பி கீழ்ப்படை! கல்லு பறந்துச்சு. காது கிழிஞ்சுச்சு.

ரெண்டு படைத் தலைவனும் போட்டது ஒரே கட்டளைதான். "எவனும் எவனுக்கும் முதுகு காட்டக் கூடாது! காட்டினா கோழை!"

இவனுங்க அடிச்சுக்கிட்ட நேரத்துல பழமெல்லாம் உதிர்ந்துச்சு. பன்னிங்க வந்து தின்னுட்டுப் போயிடுச்சுங்க. அப்புறம் எதுக்குச் சண்டை? நின்னுபோச்சு.

ஆனா கட்டளை நிக்கல. முதுகைக் காட்டாம பேன் பார்க்க முடியுமா? போர்ல ஜெயிச்சது யாருன்னு கேட்டா, பேன்தான்!

கோணவாலன் மரத்துல தேய்ச்சான். சேத்துல உருண்டான். அரிப்பு போகல. அதைவிட உள்ளுக்குள்ள ஒண்ணு குடைஞ்சுது. தம்பி இனிமே பேசுவானா, மாட்டானா?

விறுவிறுன்னு கீழ்கொப்புக்கு இறங்கினான். தம்பி பல்லைக் காட்டினான். அவன் இடது காது பாதிதான் இருந்துச்சு.

"மேல்கொப்புத் துரைக்கு இங்க என்ன வேலை?"

கோணவாலன் உக்காந்து முதுகைத் திருப்பினான்.

"ஐயய்யே! முதுகு காட்டறான் பாரு! கோழை!"ன்னு ரெண்டு கொப்பும் சேர்ந்து கூவுச்சு.

கோணவாலன் வாலைச் சுருட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். தம்பி கடிச்சா கழுத்து போச்சு! முதுகுல ஒரு கை விழுந்துச்சு. மெதுவா முடியை விலக்குச்சு.

"ச்சீ! என்னண்ணே இது, பேனுக்கு ஊரே கட்டிக் கொடுத்திருக்க!"

"தம்பி... உன் காதைக் கிழிச்ச கல்லு..."

"கூட்டத்துல எவனோ எறிஞ்சான். விடு."

"எவனோ இல்ல. நான்தான் எறிஞ்சேன். நீதான்னு தெரிஞ்சேதான் எறிஞ்சேன்."

கை நின்னுபோச்சு. கோணவாலன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான்.

பொளேர்னு பிடரியில ஒரு அறை! அப்புறம் தம்பி சுத்தி வந்து, அண்ணனுக்கு முன்னாடி தன் முதுகைத் திருப்பி உக்காந்தான்.

"ம்... இப்ப நீ பாரு. ஒண்ணைக்கூட விடாதே!"

பகை தீரணும்னா, பயந்துகிட்டாவது ஒருத்தன் முதல்ல முதுகைக் காட்டணும், செஞ்சதை மறைக்காம ஒத்துக்கணும்.