செந்நாய் வடிவின் கோரைப்பல்

வடிவு என்ற செந்நாய்க்கு நடந்தது அநியாயம். பல் போனது அவளுக்கு; எந்தப் பல்லைக் கட்டுவது என்று முடிவு செய்தது மற்றவர்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடமான் ஒன்று உதைத்ததில் அவளுடைய மேல்தாடையில் இடப்பக்கக் கோரைப்பல்லும் அதை அடுத்த பல்லும் தெறித்து விழுந்தன. கூட்டத்தில் முதலில் பாய்ந்து கவ்வுகிறவள் வடிவுதான். அவள் பிடித்து நிறுத்தினால்தான் மற்ற செந்நாய்கள் மானைச் சாய்க்க முடியும். ஆனால் கூட்டத்தின் சட்டம் கறாரானது. பிடி இரண்டு முறை நழுவினால் வேட்டையில் இடம் கிடையாது. அப்புறம் ஆயுள் முழுக்கக் குகை வாசலில் காவல்தான்!

கூட்டத்துக்குத் தலைவன் அவள் தம்பி கடம்பன். அவன் அக்காவைக் குளத்தங்கரைக்கு அழைத்துப் போனான். அங்கே பட்டுப்போன மருதமரம் ஒன்றில் மரங்கொத்தி டாக்டர் பல் வைத்தியம் பார்த்துவந்தார்.

"எத்தனை நாளா வலி?" என்று டாக்டர் கடம்பனைக் கேட்டார்.

"பத்து நாளா," என்றான் கடம்பன்.

"பன்னிரண்டு," என்றாள் வடிவு.

"அவங்களால மெல்ல முடியுதா?" டாக்டர் மறுபடியும் கடம்பனைத்தான் பார்த்தார்.

"வாய் இந்தப் பக்கம் இருக்கு டாக்டர்!" என்றாள் வடிவு.

"கோபப்படாதீங்கம்மா, ஈறு வீங்கும்," என்று சிரித்தார் டாக்டர்.

குளத்திலிருந்து முதலை தலையை நீட்டியது. "ரெண்டு பல்லுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? விழுந்தா முளைக்கப்போகுது. எனக்கெல்லாம் எத்தனை முளைச்சிருக்கு தெரியுமா!"

"எனக்கு முளைக்காது அண்ணே."

"பொறுமை வேணும்மா. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அதுதான் இல்ல!"

வடிவுக்கு அலுப்பாக இருந்தது. பன்னிரண்டு நாட்களாக இதே கதைதான். ஆமை வந்து, "பல்லே இல்லாம நான் வாழலையா?" என்றது. யானை வந்து, "தந்தம் மாதிரி வச்சுக்கோ, பார்வையா இருக்கும்," என்றது. அவரவர் வாயை வைத்து அவளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். டாக்டருக்கோ பல்லே கிடையாது! அதையும் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

அதற்குள் கடம்பனும் டாக்டரும் பேசி முடித்திருந்தார்கள். மான்கொம்பில் செதுக்கி அரக்கில் பதித்த பல் செட்டு. வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். நாளைக்கே தயார்!

"மான் துள்ளும்போது இது நிக்குமா?" என்று கேட்டாள் வடிவு.

"எல்லாம் நல்லா இருக்கும்மா," என்றார் டாக்டர், அடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டே.

மூன்றாம் நாள் காலையில் வேட்டை. வடிவு பாய்ந்து ஒரு கடமானின் தொடையைக் கவ்வினாள். மான் துள்ளியது. பல் செட்டு தொடையிலேயே நின்றது. மான் நிற்கவில்லை.

"வடிவக்கா! உன் பல்லு உன்னைவிட வேகமா ஓடுது!" என்று கத்தியது ஒரு செந்நாய். எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. அன்று எதற்கும் இரை கிடைக்கவில்லை என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

"ஒரு பிடி போச்சு அக்கா," என்றான் கடம்பன். "இன்னொண்ணு போனா காவல்தான். அக்கான்னு பார்த்து நான் சட்டத்தை மாத்த முடியாது."

மறுபடியும் மருதமரம். மறுபடியும் டாக்டரும் கடம்பனும் அவள் தலைக்கு மேல் பேசினார்கள்.

"அப்படின்னா பாலம் கட்டிடுவோம். கழறாது," என்று டாக்டர் அரைக்கும் கல்லை எடுத்தார். "வாயைத் திறங்கம்மா."

"கல்லைக் கீழே வைங்க," என்றாள் வடிவு. "அது எதுக்கு?"

"இடைவெளிக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற பல்லை அரைச்சுச் சின்னதாக்கணும். அதுங்க மேலதான் பாலம் உட்காரும்."

"அந்தப் பல்லுல என்ன கோளாறு?"

"ஒண்ணும் இல்ல. நல்ல பல்லுதான்."

"போன ரெண்டுக்காக இருக்கிற ரெண்டையும் தேய்க்கிறதா? இதை எப்ப சொல்றதா இருந்தீங்க? அரைச்ச பிறகா?"

டாக்டர் கல்லைக் கீழே வைத்தார்.

"வேற வழி இருக்கா, இல்லையா?" என்று கேட்டாள் வடிவு.

"இருக்கு. தாடை எலும்புலேயே கொம்புத் திருகாணி வைக்கலாம். அது மேல பல்லு. பக்கத்துப் பல்லைத் தொட வேண்டாம்."

"முதல் நாளே ஏன் சொல்லலை?"

"உங்க தம்பி சீக்கிரம் முடியணும்னார். இதுல எலும்பு திருகாணியைப் பிடிக்க மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் கடிக்கக் கூடாது. மெத்துன்னு எதையாவது தின்னுட்டுக் கிடக்கணும். சில பேருக்கு எலும்பு பிடிக்காமலும் போகும். அப்ப கழட்டித்தான் ஆகணும்."

"மூணு மாசமா!" கடம்பன் எகிறினான். "வேட்டைக்கு வராதவளுக்கு யார் தீனி போடுறது?"

"தின்னதைக் கக்கி ஊட்டுறது நம்ம வழக்கம்தானே?"

"அது குகையில குட்டி போட்டுக் கிடக்கிறவளுக்கு அக்கா!"

"போன மழையில உனக்குக் கால் உடைஞ்சு நாலு மாசம் கிடந்தியே. தினமும் கக்கி ஊட்டினது நான். நீ எத்தனை குட்டி போட்டிருந்தே?"

முதலை குபீரென்று சிரித்துத் தண்ணீரைக் குடித்துவிட்டது. கடம்பன் காதை மடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"நான் ஊட்டுறேன் அக்கா," என்றான் கடைசியில்.

டாக்டர் கிளையை விட்டு இறங்கி அவளுக்கு நேராக வந்து நின்றார். "நீங்களே சொல்லுங்கம்மா. என்ன செய்யலாம்?"

வடிவு பெருமூச்சு விட்டாள். ஜெயித்த சந்தோஷம்கூட வரவில்லை. இவ்வளவு சின்னக் கேள்விக்கு இவ்வளவு நாளா என்றிருந்தது.

"திருகாணியே வைங்க," என்றாள். "எலும்பு பிடிக்காமப் போனா போகட்டும், எல்லாம் தெரிஞ்சு நான் எடுத்த முடிவுன்னாவது இருக்கும். யார் வாயில பல்லு வைக்கிறோமோ அவங்ககிட்ட நல்லது கெட்டது எல்லாத்தையும் சொல்லிட்டு, முடிவையும் அவங்ககிட்டயே விடணும். மத்தவங்க வேலை துணையா நிக்கிறது மட்டும்தான்!"