செம்மூக்கி பெயரில் வந்த சேதி

ஆவாரங்குளத்தின் மேட்டில் செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி இருந்தது. அதற்குக் கூர்மையான கண். காட்டுப்பூனை புதரை விட்டு ஓர் அடி எடுத்து வைத்தாலும் பார்த்துவிடும்.

காட்டுக்குள் செல்போன் கோபுரம் வந்ததும் எல்லாரிடமும் போன் வந்துவிட்டது. செம்மூக்கி 'குளத்துக் காவல்' என்று ஒரு குழுவைத் தொடங்கியது. அந்தக் கோடையில் வேறு எங்கும் தண்ணீர் இல்லை. தினமும் உச்சி வேளையில் செம்மூக்கி சுற்றிலும் பார்த்துவிட்டு, "வழி சரி, வாங்க!" என்று செய்தி போடும். அதைப் பார்த்த பிறகுதான் முயல், கௌதாரி, கீரி எல்லாம் குளத்துக்கு இறங்கும்.

காட்டுப்பூனை சாம்பலானுக்கு வயிறு ஒட்டிப்போயிற்று. பத்து நாளாக ஓர் எலிகூட அகப்படவில்லை.

"இந்தக் குருவியோட கண்ணை ஏமாத்த முடியாது. ஆனா அதோட பேரைத் திருடலாமே!" என்று அது யோசித்தது.

ஒரு நாள் காலை, செம்மூக்கியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. மேலே யானையின் கால்தட முத்திரை. கீழே, 'காட்டு நெட்வொர்க் அலுவலகம்' என்று பெரிய எழுத்து. "உங்கள் கணக்கு இன்னும் பத்து நிமிடத்தில் முடக்கப்படும். தடுக்க உடனே கீழே உள்ள லிங்கை அழுத்தவும்!"

செம்மூக்கி பதறிப்போயிற்று. "கணக்கு போனா, நான் எப்படி எல்லாரையும் எச்சரிப்பேன்?"

சட்டென்று லிங்கை அழுத்தியது. தினமும் பார்க்கும் பக்கம் போலவே ஒன்று திறந்தது. அதில் தன் பாஸ்வேர்டைப் போட்டது. உடனே ஓடிபி வந்தது. ஆறு எண்கள். 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று அதிலேயே எழுதியிருந்தது. செம்மூக்கி அந்த வரியைப் படிப்பதற்குள் போன் அடித்தது.

"வணக்கம் அம்மா! அலுவலகத்திலேர்ந்து பேசறேன். ஆறு நம்பர் வந்திருக்குமே? சீக்கிரம் சொல்லுங்க, இன்னும் ஒரு நிமிஷந்தான் இருக்கு!"

குரல் தேனாக இருந்தது. செம்மூக்கி ஆறு எண்களையும் சொல்லிவிட்டது.

மறு நொடி அதன் கணக்கு மூடிக்கொண்டது. பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தது. 'தவறு' என்றது போன். மறுபடியும் போட்டது. 'தவறு!'

செம்மூக்கி பறந்துபோய்ப் பாறைச் சந்தில் இறங்கியது. அங்கே கோணூசி என்ற முள்ளம்பன்றி போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தது.

"கோணூசி அண்ணே! என் போன்ல வைரஸ் வந்துடுச்சு!"

கோணூசி போனைப் புரட்டிப் பார்த்தது. நடந்ததை எல்லாம் கேட்டது.

"வைரஸ் இல்லம்மா. வைரஸ்னா போனுக்குள்ள புகுந்து கெடுக்கற புரோகிராம். உன் போன் நல்லாத்தான் இருக்கு. இது ஃபிஷிங். அலுவலகம் மாதிரி வேஷம் போட்டு உன் சாவியை உன் கையாலயே வாங்கிட்டாங்க. பாஸ்வேர்டு ஒரு சாவி, ஓடிபி இன்னொரு சாவி. ரெண்டையும் கொடுத்துட்டே!"

"இப்பவே மீட்டுக் கொடுங்க!"

"அவன் புதுசா வேற பூட்டு போட்டிருக்கான். குழுவுல வேற யாரும் எழுத முடியாதபடியும் பண்ணிட்டான். அலுவலகத்துக்கு எழுதணும். சாயங்காலம் ஆயிடும்."

செம்மூக்கி வானத்தைப் பார்த்தது. சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிட்டது.

வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? காவல் காக்கும் பறவையே ஏமாந்தது என்று காடே சிரிக்கும். இனி யார் அதன் பேச்சை நம்புவார்கள்? பேசாமல் சாயங்காலம்வரை கூட்டில் உட்கார்ந்துவிடலாமா? ஒரு கணம் அந்த எண்ணமும் வந்தது.

பிறகு அது சிறகை உதறியது. "சிரிக்கறவங்க சிரிக்கட்டும். உயிரோட இருந்து சிரிக்கட்டும்!" என்று சொல்லி, போனைக் கோணூசியிடமே விட்டுவிட்டுக் கிளம்பியது.

முதலில் முயல் குத்துக்காதனின் வளை. "என் பேர்ல வர்ற சேதியை நம்பாதே! குளத்துக்குப் போகாதே!"

குத்துக்காதன் போனைப் பார்த்தது. செம்மூக்கியைப் பார்த்தது. "இப்பத்தானே நீ 'வழி சரி, வாங்க'ன்னு போட்டே? உன் படம்கூட இருக்கே!"

"நான் உன் முன்னாடி நிக்கறேன். என் கையில போனே இல்லை. அப்போ அதைப் போட்டது யாரு?"

முயலின் காதுகள் சடாரென்று நிமிர்ந்தன. அது வளைக்குள் பாய்ந்தது.

அடுத்து கீரி. அதற்கடுத்து காட்டு எலிகள். கொதிக்கிற வெயிலில் செம்மூக்கி புதர் புதராகப் பறந்தது. தொண்டை வறண்டது. நிற்கவில்லை.

கௌதாரியின் புதர் காலியாக இருந்தது!

செம்மூக்கி குளத்தை நோக்கிப் பறந்தது. கௌதாரி தன் எட்டுக் குஞ்சுகளோடு கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி, கோரைப்புல்லுக்குள் சாம்பலான் பதுங்கியிருந்தது. அதன் காலடியில் ஒரு போன் மின்னியது.

"ஓடு! பூனை! ஓடு!" என்று செம்மூக்கி அலறியது.

கௌதாரி குழம்பி நின்றது. "வழி சரின்னு போன்ல நீதானே..."

இனிப் பேச நேரமில்லை. செம்மூக்கி கல் விழுவது போல இறங்கி, பூனையின் நெற்றியில் ஓங்கிக் கொத்தியது. சாம்பலான் கத்திக்கொண்டு துள்ளி எழுந்தது. கௌதாரி அதைப் பார்த்துவிட்டது! எட்டுக் குஞ்சுகளும் எட்டுத் திசையில் சிதறி ஆவாரஞ்செடிகளுக்குள் மறைந்தன. பூனை குருவியை நோக்கிப் பாய்ந்தது. வாயில் அகப்பட்டது இரண்டு வால் இறகு மட்டும். கால் பட்டு அதன் போன் குளத்துக்குள் விழுந்தது. சாம்பலான் பசியோடு காட்டுக்குள் ஓடியது.

சாயங்காலம் கோணூசி கணக்கை மீட்டுக் கொடுத்தது. புதுப் பாஸ்வேர்டும் போட்டது. எல்லாரும் குளக்கரையில் கூடினார்கள். செம்மூக்கி மேட்டில் ஏறி நின்றது.

"தப்பு என்னோடது. பயந்துபோய் லிங்கை அழுத்தினேன். ஓடிபியையும் சொன்னேன். அலுவலகம்னு சொல்லி யார் கேட்டாலும் இந்த ரெண்டையும் கொடுக்காதீங்க. அவசரப்படுத்தினா, போனை வெச்சுட்டு என்கிட்டயோ கோணூசி அண்ணன்கிட்டயோ வாங்க."

"காவல் காக்கற குருவிக்கே கண்ணு தெரியலையா?" என்று ஓர் எலி கேலி செய்தது. சிலர் சிரித்தார்கள்.

அப்போது குத்துக்காதன் முன்னால் வந்தது. அதன் காதுகள் இரண்டும் தொங்கின.

"சிரிக்காதீங்க. முந்தாநாளே அதே சேதி எனக்கும் வந்தது. நானும் அழுத்தினேன். குழுவில இருக்கற எல்லார் நம்பரும் என் கணக்கிலேர்ந்துதான் அவனுக்குப் போயிருக்கணும். கோணூசி கணக்கை மீட்டுக் கொடுத்தான். வெட்கமா இருந்தது. யார்கிட்டயும் சொல்லாதேன்னு அவன்கிட்ட கெஞ்சினேன்."

கோணூசி தலையைக் குனிந்துகொண்டது. கௌதாரி தன் எட்டுக் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"முந்தாநாளே சொல்லியிருந்தா நான் ஏமாந்திருக்க மாட்டேனே, குத்துக்காதா!" என்றது செம்மூக்கி. அதன் குரலில் கோபம் இல்லை. "பரவாயில்லை. இப்பவாவது சொன்னியே. இங்க வந்து என் பக்கத்துல நில்லு."

முயல் மேட்டில் ஏறி நின்றது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து கீரி மெல்லக் கையைத் தூக்கியது. "எனக்கும் நேத்து ஒரு லிங்க் வந்துச்சு..."

நீதி: ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதே, அந்தக் கணமே ஊருக்குச் சொல், நீ மறைக்கும் ஒவ்வொரு நாளும் திருடனுக்கு இன்னொருவரை ஏமாற்றக் கிடைக்கும் நாள்.