இன்னாசி வளர்த்த கிருமி

குழந்தை மருத்துவர் இன்னாசிக்கு ஐம்பது வயதில் புத்தி பிசகிவிட்டது என்று தூத்துக்குடியில் பேசிக்கொண்டார்கள். ஓடிக்கொண்டிருந்த கிளினிக்கைப் பூட்டிவிட்டு, தன்னைவிட இளையவரான நுண்ணுயிரியல் பேராசிரியர் கோமதியிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

இன்னாசியின் கையில் ஒரு பச்சிளம் குழந்தை செத்திருந்தது. ரத்தத்தில் கிருமி. இருந்த ஆன்டிபயாடிக் எல்லாம் கொடுத்துப் பார்த்தார். எதற்கும் அது மசியவில்லை.

முதல் நாளே கேட்டார். "பச்சப்புள்ளையக் கொல்ற அளவுக்கு அந்தச் சனியனுக்கு எங்கிருந்து மேடம் இவ்வளவு வெறி?"

யாருக்கும் நோய் தராத, சாதாரண மருந்துக்கே செத்துப்போகும் ஒரு கிருமியைக் கோமதி எடுத்துக் கொடுத்தார்.

"இதுக்குக் கொஞ்சமா மருந்து வையுங்க. பிழைச்சத மட்டும் எடுத்து வளருங்க. அப்புறம் இன்னும் கொஞ்சம் மருந்து."

இன்னாசி செய்தார். பெரும்பாலானவை செத்தன. "சாவு" என்று பல்லைக் கடித்தபடி சொல்லிக்கொள்வார். கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் மிஞ்சிய ஒன்றிரண்டு வெள்ளைப் புள்ளிகளை எடுத்து மறுபடி வளர்ப்பார். மறுபடி மருந்து. மழைக்காலம் முழுக்க இதே வேலை.

ஒரு காலையில் தட்டின் மூடியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். முழு அளவு மருந்து வைத்த தட்டு. அதில் விளிம்புவரை மாவு பூசியதுபோலக் கிருமி படர்ந்து கிடந்தது.

கோமதியின் மேசையில் அதைக் கொண்டுபோய் டக்கென்று வைத்தார்.

"என் கையாலயே இதைச் செய்ய வெச்சிட்டீங்களே! அழிக்க வந்தவன் மேடம் நான். வளர்க்க வரல."

"கிளினிக்ல என்ன செஞ்சீங்க?"

"வைத்தியம் செஞ்சேன்!"

"மூக்கு ஒழுகிட்டு வர்ற புள்ளைக்கு?"

இன்னாசியின் முகம் சிவந்தது. பிறகு வெடித்தார்.

"ஆமா, ஆன்டிபயாடிக் எழுதினேன். வெறும் சளிதான்னு தெரிஞ்சே எழுதினேன். நான் எழுதலன்னா அந்தத் தாய் எதிர்த்த மெடிக்கல்ல வாங்கிக் குடுப்பா. அடுத்த தடவை வேற டாக்டர்கிட்ட போயிருவா. நான் உக்காந்து ஈ ஓட்டணும். நானும் பிழைக்கணும்ல? எனக்கு வேற என்ன வழி இருந்துச்சு, சொல்லுங்க!"

கத்தியதில் அவருக்கு மூச்சு வாங்கியது.

கோமதி தட்டை அவர் பக்கம் தள்ளினார். அவருக்கும் கோபம்தான்.

"இதுக்கும் பிழைக்க வேற வழி இல்ல, டாக்டர்."