இறக்கி வைக்க ஒரு கல்

வெகு காலத்துக்கு முன்னே நெடுங்குன்ற நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் புகழ்ந்தால் மயங்கிவிடுவான். பெருவழியில் காதத்துக்கொரு சத்திரம் கட்டும் வேலையைச் சேந்தன் என்ற அதிகாரியிடம் கொடுத்தான். சேந்தன் கட்டினான். கட்டிப் பூட்டியும் விட்டான்! "மன்னர் இளைப்பாறும் இடம், தலைச்சுமைக்காரர் எவரையும் விடாதே" என்று காவலருக்கு உத்தரவு. பல்லக்கை விட்டு இறங்காதவனுக்கு நடப்பவர் வலி எங்கே தெரியப்போகிறது?

ஒருநாள் தயிர்க்காரி வெள்ளச்சி, தலையில் நாலு பானை அடுக்கோடு சபைக்குள் நுழைந்தாள். கோபத்தில் உதடு துடித்தது.

"சுமையை இறக்கிவிட்டுப் பேசு" என்றான் ராஜா.

"எங்கே இறக்குறது மகாராசா? ஒத்தையா வர்றவ இறக்கணும்னா மார் உசரத்துல சுமைதாங்கிக் கல்லு வேணும். வயித்துப் புள்ளையோட செத்த என் மக பேருல, அவ சுமை இறங்கட்டும்னு ஒண்ணு நட்டேன். சத்திரம் கட்டுறேன்னு இதோ நிக்கிற இந்த அதிகாரி பிடுங்கிட்டாரு! எனக்கு அந்தக் கல்லு வேணும்."

சேந்தன் சிரித்தான். "நாலு பானைக்கு இத்தனை கூச்சலா? நானே இதைப் புதுச் சத்திரம்வரை சுமப்பேன், மன்னா."

"சுமங்க சாமி. யார் கையும் படாம, ஒரு பானையும் உடையாம அங்கே இறக்கிடுங்க. அப்புறம் நான் கல்லையே கேக்கல."

வேடிக்கை என்றால் ராஜாவுக்குச் சோறே வேண்டாம். "நட!" என்றான். பானைகள் சேந்தன் தலைக்கு மாறின. வெள்ளச்சி கூடவே நடந்தாள். ராஜாவின் பல்லக்கு தள்ளிப் பின்னால் வந்தது.

உச்சி வெயில். கழுத்து நடுங்க, தயிர் முகத்தில் வழிய, சேந்தன் சத்திர வாசலை அடைந்தான். காவலன் ஈட்டியை நீட்டினான். "தலைச்சுமைக்கு அனுமதி இல்லை. அதிகாரி உத்தரவு."

"அடேய், நான்தானடா அதிகாரி!"

"அதிகாரி பல்லக்கில்தான் வருவார். போய்யா!"

குனிந்தால் பானை விழும், நிற்கவோ தெம்பில்லை. "ஐயோ, யாராவது இறக்கிவிடுங்களேன்!" என்று சேந்தன் அழுதான்.

வெள்ளச்சி பானைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். "தெனமும் நாங்க இப்படித்தான்யா நிக்கிறோம்!"

ராஜா பல்லக்கிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடிவந்தான். "யாருக்காகக் கட்டச் சொன்னேன்? உடையுங்கள் பூட்டை! சேந்தா, இனி உனக்குப் பல்லக்கு இல்லை. இந்த வழியில் தண்ணீர் சுமந்து எல்லோருக்கும் ஊற்று!" என்று கத்தினான். பிறகு, "அம்மா, உன் கல் எங்கே?" என்றான்.

"உங்க காலுக்குக் கீழே, மகாராசா. வாசப்படியா போட்டிருக்காரு. போன மாசமும் அதை மிதிச்சுட்டுத்தான் உள்ளே போனீங்க."

ராஜா விலகி நின்று செருப்பைக் கழற்றினான். மண்வெட்டியை வாங்கித் தானே தோண்டினான்.

கல் மறுபடி மார் உயரத்துக்கு ஏறிய பிறகுதான் வெள்ளச்சி அழுதாள்.